குறையாத சார்ஜ்

"எழுபத்தொன்பது ஆயிடுச்சுங்க. ஏறிக்கிட்டே போகுது."

வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தான் கணவன். "பேட்டரிதானே? ஏறினா நல்லதுதானே. வெயில் வந்துடுச்சு, வேன் கூரையில இருக்கிற சோலார் தகடு வேலை செய்யுது. யாரு மாட்டின தகடு!"

அவள் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைபேசியையே வெறித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நேற்று முழுக்க நின்றபடியே விரிப்புகளை இஸ்திரி போட்டதில் கால்கள் இன்னும் கடுத்தன. இன்னும் கொஞ்சம் படுத்திருக்கலாம்தான். ஆனால் கண் விழித்ததும் இந்த எண்ணைப் பார்க்காவிட்டால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அது அவளுடைய அப்பாவின் வேனில் இருக்கும் பேட்டரி. படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே வைத்த, வீடு மாதிரியான வேன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, பெற்ற மகளிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விற்றுவிட்டு அப்பா அதை வாங்கினார். அம்மா வளைய வந்த வீடு. "இனிமே என் முகத்துல முழிக்காதீங்க" என்று அவள் வாசலில் நின்று கத்தினாள். அவரும் வைராக்கியக்காரர்தான். முழிக்கவில்லை.

மருமகனோடு மட்டும் அவருக்குப் பேச்சு உண்டு. வண்டி எலக்ட்ரீஷியனான அவன்தான் வேனில் சார்ஜ் மீட்டரைப் பொருத்தினான். வேன் எந்த ஊரில் நின்றாலும் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கைபேசியில் பார்க்கலாம். பொருத்திவிட்டு வந்த கையோடு, சத்தமில்லாமல் அவள் கைபேசியிலும் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ராத்திரி பூராவும் ஃபிரிட்ஜ் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜைக் குடிக்கும். விடிகிற நேரத்தில் எண் சடாரென்று மூன்று நான்கு இறங்கும். அப்பா டீக்கு கெட்டில் போட்டுவிட்டார் என்று அர்த்தம். எழுந்துவிட்டார், நடமாடுகிறார், நன்றாக இருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் தன் டம்ளரை வாயில் வைப்பாள்.

இன்றைக்கு எண் இறங்கவே இல்லை.

"கெட்டில் போடலைங்க" என்றாள். "அப்பா எழுந்திருக்கவே இல்ல."

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மாமனாருக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். முகத்தில் இருந்த கிண்டல் போன இடம் தெரியவில்லை.

"ஏரிக்கரையில வண்டிங்க நிறுத்துற இடத்துல இருக்கிறதா சொன்னாரு. கிளம்பு" என்றான்.

தலையைக்கூட வாரவில்லை. அப்படியே வண்டியில் ஏறிக்கொண்டாள். வழி நெடுக அவன் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். "கெட்டில் கெட்டுப் போயிருக்கும். இல்லேன்னா கேஸ்ல டீ போட்டிருப்பாரு. போன் எங்கயாவது தலகாணிக்கு அடியில கிடக்கும்."

அவளுக்குக் கடைசியாக அப்பாவிடம் சொன்ன வார்த்தைதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை போனை எடுத்து, அவர் எண்ணைத் தேடி, சரி நாளைக்குப் பார்க்கலாம் என்று கீழே வைத்திருக்கிறாள். வேலை முடிந்து வந்து படுக்கும்போது, சண்டை போடவும் தெம்பு இருந்ததில்லை, சமாதானம் பேசவும் தெம்பு இருந்ததில்லை.

கைபேசியில் எண்பத்திரண்டு ஆனது. எண்பத்து மூன்று ஆனது. இதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கைபேசியை அணைத்துவிடலாம் என்று இருந்தது.

ஏரிக்கரையில் வேன் தனியாக நின்றது. எல்லாத் திரைகளும் மூடியிருந்தன. ஓடிப் போய்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "அப்பா! அப்பா!"

கதவு திறந்தது. முகம் வழித்து, படிய வாரி, மடிப்புக் கலையாத சட்டையோடு அப்பா நின்றார். "மெதுவாம்மா. கதவு கையோட வந்துடப் போகுது."

அவள் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நொடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு போனை எடுக்க முடியாதா உங்களால? அந்தக் கெட்டிலுக்கு என்னதான் வந்துச்சு?"

"கெட்டில் நல்லாத்தான் இருக்கு. நான்தான் டீயை விட்டு ரொம்ப நாளாச்சு. வயித்துக்கு ஒத்துக்கல."

"பொய் சொல்லாதீங்கப்பா. தினமும் காலையில நீங்க..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் உள்ளே சுவரில் இருந்த மீட்டரைக் காட்டினார். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாராவது போன்ல இதைப் பாத்தா அந்த விளக்கு எரியும்மா. தினமும் விடியறப்போ எரியுது. மாப்பிள்ளை அந்த நேரத்துக்கு எழுந்திருக்கிற ஆளா, சொல்லு?"

மாப்பிள்ளை வெளியே நின்று வேனின் டயரை ரொம்பவும் அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"அப்போ தினமும் கெட்டில்ல என்னதான் போட்டீங்க?"

"வெறும் தண்ணி. கொதிக்க வெச்சு, ஆறினதும் கீழ ஊத்திடுவேன். நீ நிம்மதியா வேலைக்குப் போகணுமே."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு மட்டும் ஏம்ப்பா போடல?"

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "போடலேன்னா நீ ஓடி வந்துடுவேன்னு தெரியும்மா. உன்னை ஒரு தடவை பாக்கணும் போல இருந்துச்சு."