ஊசிமுனை வழி

“உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தோம் டாக்டர்” என்றாள் அந்தப் பெண். கையில் ஒரு பழைய ரிப்போர்ட். பக்கத்தில் ஆறு வயது மகள்.

திசு ஆய்வக டாக்டருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “நான் மைக்ராஸ்கோப்ல திசு ஸ்லைடைத்தான்மா பாப்பேன், நோயாளிகளைப் பாக்கறதே இல்ல. என்னைத் தேடி யாரும் வந்ததில்ல.”

“மூச்சிரைப்பு, இருமினா ரத்தம். எல்லாரும் நிமோனியான்னே மருந்து குடுத்தாங்க. நுரையீரல்லேர்ந்து இதயத்துக்கு வர்ற ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள தடிச்சுப்போய், ஊசிமுனை அளவுதான் வழி இருந்துச்சுன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? அந்த ஸ்லைடை ஒரு தடவை பாக்கலாமா?”

ரிப்போர்ட் எண்ணை வைத்துத் தேடி எடுத்தவர், குரலைத் தாழ்த்தினார். “நம்பர் மாறிப்போச்சு போலிருக்கும்மா. இது இறந்துபோன குழந்தையோடது. இவ நல்லா இருக்காளே.”

“நம்பர் சரிதான் டாக்டர். அது இவ அண்ணன். அவன் போனப்புறம்தான் உடம்பைப் பரிசோதிக்கச் சம்மதிச்சோம். இவளுக்கும் அதே இருமல் வந்தப்போ, உங்க ரிப்போர்ட்டைப் பாத்துட்டு முதல்லயே அந்தக் குழாயை ஸ்கேன் பண்ணி, ஆபரேஷன்ல அகலப்படுத்திட்டாங்க.”

டாக்டர் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பொருத்திவிட்டு எழுந்து, தன் நாற்காலியில் சிறுமியை உட்கார வைத்தார்.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள் அவள். “அண்ணன் ரோஸ் கலர்ல இருக்கான்மா” என்றவள், மைக்ராஸ்கோப்பின் அருகே இன்னும் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி “தேங்க்ஸ் அண்ணா” என்றாள்.