பெடலை அமுக்க ஓர் ஆள்

"அமுக்கு" என்றான் மெக்கானிக்.

வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பெடலை அமுக்கினாள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவன் நேரில் பேசிய முதல் வார்த்தை அதுதான். இதைவிட நல்ல வார்த்தை ஒன்றைக் காலையிலிருந்து தேடிக்கொண்டுதான் இருந்தான். கிடைக்கவில்லை.

அது ஏடிவி வண்டி. பைக் மாதிரி கால் போட்டு உட்கார வேண்டும், ஆனால் சக்கரம் நான்கு. அவள் கால்நடை மருத்துவர். மேட்டுப் பண்ணைகளில் எந்த மாடு கன்று போட முடியாமல் தவித்தாலும் இதில்தான் ஏறிப் போவாள். மேட்டில் ஏறுவதில் ஒன்றுமில்லை, இறங்குவதில்தான் இருக்கிறது விஷயம். பின்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரில் எண்ணெய் கசிந்து, பெடல் தொளதொளவென்று போயிருந்தது.

ஊரில் வேறு பட்டறையும் இருக்கிறது. அவள் வண்டியை இங்கேதான் அனுப்பினாள், அதுவும் ஒரு பண்ணை ஆளிடம் கொடுத்து. அவன் இரண்டு நாள் உட்கார்ந்து காலிப்பரைப் பிரித்தான். கிழிந்த ரப்பர் சீலை மாற்றினான். எண்ணெயில் ஊறிப்போன பிரேக் பேடுகளைத் தூக்கிப் போட்டுப் புதிது வைத்தான். குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுப்பது ஒன்றுதான் பாக்கி. அது முழுக்கப் போனால்தான் பெடல் இறுகி நிற்கும்.

அப்போதுதான் போன் செய்தான். "அதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் பெடல அமுக்கணும். இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

கடைசி வாக்கியம் சத்தியமான உண்மை. அவள் வருவதாகச் சொன்னாள்.

அவர்களுக்குள் ஊர் கூடுகிற சண்டை எதுவும் நடந்ததில்லை. அவன் பட்டறையே கதி என்று கிடந்தான், அவள் பண்ணை பண்ணையாக அலைந்தாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள், கால்நடை மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டேன் என்றாள். சரி என்றான். அந்தச் சரியை எட்டு மாதமாக மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"பிடி" என்றான்.

காலிப்பரில் காற்றை வெளிவிடும் சின்னத் திருகான நிப்பிளை ஸ்பானரால் லேசாகத் தளர்த்தினான். அதில் மாட்டிய டியூப் வழியாக எண்ணெய் குமிழ் குமிழாக ஓடி பாட்டிலில் விழுந்தது. நிப்பிளை மூடினான்.

"விடு."

இந்த வேலையில் ஒரே ஒரு விதி. அவன் மூடும்வரை அவள் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். புது ஆட்கள் எடுத்துவிடுவார்கள், திட்டும் வாங்குவார்கள். அவள் ஒருமுறைகூட எடுக்கவில்லை. கல்யாணமான புதிதிலேயே பழகிய கால் அது.

கீழே குந்தியிருந்தவனுக்கு அவளுடைய ரப்பர் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. சேறு காய்ந்திருந்தது, குதிகால் தேய்ந்திருந்தது. இளைத்துவிட்டாளா என்று நிமிர்ந்து பார்க்க ஆசை. தைரியம் வரவில்லை.

குமிழ்கள் சிறுத்தன. அவை குறையக் குறைய அவன் ஸ்பானரை இன்னும் மெதுவாகத் திருப்பினான். இது முடிந்தால் அவள் கிளம்பிவிடுவாள். அந்த வீட்டுக்கும் இந்தப் பட்டறைக்கும் இனி ஒரு போன்கூட இருக்காது.

நிப்பிளைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் போதும், அடுத்த வாரமே மறுபடி கசியும். அந்த நினைப்பும் வந்தது. ஆனால் அந்த மேட்டுச் சரிவு எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். நன்றாக இறுக்கி மூடினான்.

"முடிஞ்சுது" என்றான்.

அவள் இறங்கினாள். ஹேண்டில்பாரில் இருந்த கிரீஸ் கையில் ஒட்டியிருந்தது. இந்தப் பட்டறையில் துணி எங்கே இருக்கும் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவன் எழுந்திருப்பதற்குள் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்துவிட்டாள்.

துணி இருந்தது. துணிக்கு அடியில் ஒரு கைப்பம்பு இருந்தது.

நிப்பிளில் மாட்டி இழுத்தால் காற்றை அதுவே உறிஞ்சி எடுத்துவிடும். பெடலை அமுக்க ஆளே வேண்டாம். ஐந்து வருடத்துக்கு முன் அவன் பிறந்தநாளுக்கு அவளே வாங்கித் தந்தது. இனிமேல் தொட்டதற்கெல்லாம் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அன்றிலிருந்து அது எதிர்ச்சுவரில் ஆணியில்தான் தொங்கும்.

அவள் திரும்பி ஆணியைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், தலையைக் குனிந்துகொண்டு துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தான்.

இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது. அடுத்து வண்டி கிளம்பும் சத்தம்தான் என்று காத்திருந்தான்.

வண்டி லேசாக அமுங்கியது. அவள் மறுபடி ஏறி உட்கார்ந்திருந்தாள். சாவியைத் தொடவில்லை. பெடலை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். அது கல் மாதிரி நின்றது.

"இன்னும் கொஞ்சம் காத்து இருக்கு போல" என்றாள்.