மேகம் எஃப்.எம். மின்னி

மின்னி பேசினால்தான் ஷைனா வாயைத் திறப்பாள்.

பேச்சு நின்று பாட்டு வந்துவிட்டால் இட்லி கன்னத்திலேயே தங்கிவிடும். பெற்றவள் எதிரில் தட்டோடு உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ரேச்சலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வயதுப் பெண்ணுக்கு ஒரு ரேடியோக்காரி அப்படி என்ன சொக்குப்பொடி போட்டுவிட்டாள்?

பெண்ணை மட்டும் சொல்லி என்ன? தனசிங்கும் அப்படித்தான். பாக்டரிக்குக் கிளம்பும் அவசரத்தில் டிபன் பாக்ஸை மறப்பான், குடையை மறப்பான். ரேடியோவைப் போட்டுவிட்டுப் போக ஒரு நாளும் மறந்ததில்லை. புருஷனுமா இப்படி என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மேகம் எஃப்.எம். ஊட்டியில் ஆரம்பித்த நாளிலிருந்து காலை நிகழ்ச்சி மின்னியுடையதுதான். கீழ் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கிற பெண்கள் அவளுக்கு ஃபோன் போட்டு மாமியாரைப் பற்றிக் குறை சொல்வார்கள். அவளும் சளைக்காமல் வம்பு வளர்ப்பாள். மலை முழுக்கக் கேட்டுச் சிரிக்கும்.

இப்போது யாரும் ஃபோன் போட முடியாது. ஆர்ஜேக்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. மின்னியின் பழைய நிகழ்ச்சிகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அவள் குரலிலேயே பேச வைத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்ததை எல்லாம் பேசும். இருமாது, தும்மாது, லீவு கேட்காது.

“அந்தப் பொண்ணு செத்தே போச்சாமா. ரேடியோவுல பேசறது பேயிதானுங்க,” என்று ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி சொன்னாள். ரேச்சல் காதில் விழாததுபோல் அரிசியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆனால் அன்றிலிருந்து, அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸில் மூடுபனி ஜன்னலை அடைத்து நிற்கும் காலைகளில் அந்தக் குரல் கேட்டாலே அவளுக்கு முதுகு சில்லிட்டது. யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்து, தன் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது போலிருந்தது. பிள்ளையும் அவளிடமே போய்விடும் என்று பயந்தாள்.

நேற்று பொறுக்கமாட்டாமல் ஊட்டிக்கே போய்விட்டாள்.

எந்நேரமும் கூச்சலாக இருந்த ஸ்டுடியோவில் இன்ஜினியர் ஜினோ மட்டும் இருந்தான். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்திருந்தார்கள். ரேச்சல் செல்போனில் டைப் செய்து அவன்முன் நீட்டினாள். மின்னியை நிறுத்து.

ஜினோவால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“எங்கையில ஒண்ணுமில்லீங்க அக்கா. எல்லாம் கோயம்புத்தூர்ல இருந்து வருது. பொறந்தநாள் வாழ்த்து மட்டுந்தான் நான் போடறது.”

ரேச்சல் திரும்பி வாசல்வரை போனாள். என்ன நினைத்தாளோ, வந்து அவனுடைய கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இதோ, இன்று காலை ரேடியோவில் பாட்டு முடிந்தது.

“அருவங்காடு ஷைனாக்குட்டிக்கு இன்னிக்குப் பொறந்தநாள்! இட்லிக்குச் சர்க்கரைதானே வேணும் தங்கத்துக்கு? அம்மா கையால வாங்கிச் சாப்பிடு கண்ணு.”

ஷைனா வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைப் பார்த்தாள். முதல் தடவையாக அம்மாவைப் பார்த்தாள். ரேச்சல் சட்டென்று ஒரு விள்ளலை ஊட்டினாள்.

குரல் அதே குழைவோடு குக்கர் தள்ளுபடிக்குப் போய்விட்டது.

ரேச்சலுக்கு அழுகை முட்டியது. கழுத்தை மூடியிருந்த ஸ்கார்ஃபைத் தளர்த்தினாள். அடியில் இருந்த துளை வழியாக வெறும் காற்றுதான் வந்தது.

தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்தபோது ஷைனா கைக்குழந்தை. ஆபரேஷனுக்கு முந்தின நாள், குரலாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று ஸ்டேஷன்காரர்கள் கேட்ட இடத்தில் எல்லாம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். மின்னி என்பது எஃப்.எம்.மில் ரேச்சலுக்கு வைத்த பெயர்.

ஷைனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, அந்த அக்காவ ஒரு நா நம்ம ஊட்டுக்குக் கூப்பிடலாமா?”

ரேச்சல் இன்னொரு விள்ளலைச் சர்க்கரையில் தொட்டாள்.