அடங்காத பிள்ளை

கே.கே. நகர் டாக்டர் சொன்னாரென்று, துறுதுறுப் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவரும் புத்தகத்தைச் சத்யப்ரியா வாங்கிப் பத்து நாளாயிற்று. புரட்டத்தான் நேரமில்லை. அடுப்பில் பால், கையில் ஈரத்துணி, காதில் போன்.

ஆனாலும் ஒன்பது வயது தன்ஷிகா அடங்கிவிட்டாள்! ஓட்டமில்லை, கத்தலில்லை. "அம்மா, ஒரு நேரத்துல ஒரு வேலை பாரு. உக்காந்து சாப்பிடு, தங்கம்ல" என்று கனிவாகப் பேசுகிறாள்.

"என்னங்க, புத்தகத்தப் படிச்சு புள்ளைய எம்புட்டு மாத்திட்டீங்க!" என்று கணவனிடம் பூரித்தாள்.

"நானா? அத நான் தொடவே இல்ல புள்ள" என்றான் ஜெயபாண்டி.

ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். 'ஓரிடத்தில் இருக்காது', 'ஒன்றை முடிக்குமுன் இன்னொன்றைத் தொடங்கும்'... எல்லா அறிகுறிக்கும் பென்சிலில் டிக். 'உட்கார்ந்து சாப்பிட்டால் நட்சத்திரம்' என்ற கட்டத்தில் மூன்று ஸ்டிக்கர்.

மேலே, 'பிள்ளையின் பெயர்' என்ற இடத்தில், தன்ஷிகாவின் கோணல் எழுத்தில்: 'அம்மா'.