இரண்டாவது எண்

முதல் எண்ணுக்கு ரிசல்ட் வந்துவிட்டது. தேர்ச்சி.

இரண்டாவது எண்ணை அடித்தாள்.

‘இந்த எண்ணில் மாணவர் யாரும் இல்லை’ என்றது திரை.

தப்பாக அடித்திருப்போம் என்று மறுபடி அடித்தாள். மறுபடியும் யாரும் இல்லை.

ஃபெயில் என்று வந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். ஃபெயிலாவதற்காவது ஓர் ஆள் வேண்டும்.

அவள் படிப்பது தகவல் அறிவியல். இளங்கலையின் கடைசி வருடத்தையும் முதுகலையின் முதல் வருடத்தையும் சேர்த்துப் படித்து, ஐந்து வருடப் படிப்பை நான்கிலேயே முடித்துவிடுகிற வகுப்பு. மொத்தமே ஏழு பேர். ஆளுக்கு இரண்டு பதிவெண். முதலாவது பி.எஸ்ஸி.க்கு, அடுத்தது எம்.எஸ்ஸி.க்கு.

வீட்டில் ஒரே பேச்சு. எம்.எஸ்ஸி.யிலும் பாஸானால் மேலே படிக்கலாம். இல்லையென்றால், அதுதான் ஒரு டிகிரி வந்துவிட்டதே, ஆவணியில் அத்தை மகனோடு கல்யாணம்.

அத்தை மகனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு அவன் வேண்டாம். அவ்வளவுதான்.

இன்றைக்குக் காலையிலேயே அத்தை பூவும் பழமுமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாளாம்.

துறையின் கம்ப்யூட்டர் அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்த வகுப்புத் தோழன் பேச்சிமுத்து மேசையைக் குத்தினான். அவனுடைய இரண்டாவது எண்ணிலும் யாரும் இல்லை. பின்னால் இருந்த பிரிசில்லாவுக்கும் அப்படியே. மற்ற துறைகளில் எல்லோருக்கும் ரிசல்ட் வந்திருந்தது. இந்த வகுப்பில் மட்டும் ஏழு பேரையும் காணோம்.

ஏழு பேர் மட்டுமா?

அவளுக்குச் சுரீரென்றது.

போன பருவத்தில் அவள் செய்த புராஜெக்ட். தேர்வுப் பிரிவின் கம்ப்யூட்டரில் ஒரே மாணவரை இரண்டு தடவை, மூன்று தடவை ஏற்றி வைத்திருந்தார்கள். இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. அதையெல்லாம் தேடிக் களைகிற புரோகிராமை எழுதிக் கொடுத்தது அவள்தான். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் ஆள் ஒன்றுதான். பழையதை வைத்துக்கொள், புதியதை எடுத்துவிடு.

ரிசல்ட் போடுவதற்கு முன்னால் அதை ஓடவிட்டிருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்திலேயே சட்டப்படி இரண்டு ஆளாக இருப்பது அந்த ஏழு பேர்தான். எழுதியவளும் அதில் ஒருத்தி. எப்படித்தான் மறந்தாளோ! தான் முதுகலை மாணவி என்பதை அவளே இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது.

“எந்தக் கூமுட்டடே இத எழுதுனது? கையில கெடச்சான், செத்தான்” என்றான் பேச்சிமுத்து, ஒரு புரோகிராம்தான் தங்களைத் தூக்கிவிட்டது என்று அவள் சொன்னதும்.

“நான்தாம்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளைக் காணாமல் அடித்தது அவளேதான்; காரணமாவது தெரிந்துவிட்டது. இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? பேச்சிமுத்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

வழிகாட்டிப் பேராசிரியர் சண்முகக்கனி திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எடுத்தத அழிச்சிட்டியாம்மா, ஒதுக்கி வச்சிருக்கியா?”

ஒதுக்கித்தான் வைத்திருந்தாள். அவர்கள் துறையில் முதல் வாரமே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பது அதுதான். சந்தேகம் தீருகிறவரைக்கும் எதையும் அழிக்காதே.

பாதி உயிர் வந்தது.

ஏழு பேரும் தேர்வுப் பிரிவுக்கு ஓடினார்கள். அங்கே உட்கார்ந்து புரோகிராமில் ஒரு வரியைக் கூட்டினாள். படிப்பு வேறாக இருந்தால் தொடாதே. ஒதுக்கி வைத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பிரிசில்லா பாஸ். பேச்சிமுத்து பாஸ். அவன் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தன்னுடையதைக் கடைசியாக அடித்தாள்.

தேர்ச்சி.

அப்பாடா!

வெளியே வந்து படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்போதுதான் பசித்தது. காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

போன் அடித்தது. அம்மா.

வீடே போனுக்குள் இருந்தது. அத்தை ஏதோ முகூர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா உம் கொட்டினார்.

“என்னட்டி ஆச்சு?” அம்மாவின் குரல் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டு பேசுகிற குரல்.

“ரெண்டும் பாஸும்மா.”

அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. பிறகு கூடத்தை நோக்கி நடக்கிற சத்தம். வளையல் சத்தம்.

திடீரென்று அம்மாவின் குரல் உயர்ந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

“பாஸா? நல்லாப் படி தாயி. என்னது, முடிக்கதுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கா?”

அத்தையின் பேச்சு பாதியில் நின்றது.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு வருடம். அப்பாவுக்கு அவள் எந்த வருடம் என்ன படிக்கிறாள் என்பதெல்லாம் தெரியாது. அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆமாம்மா” என்றாள். “ரெண்டு வருசம்.”