கருவாட்டுக்குப் பூனைக் காவல்

கருவாடு காயப்போடுகிற வீட்டில் யாராவது பூனை வளர்ப்பார்களா? கொளஞ்சியம்மாள் வளர்க்கப் போகிறாளாம்.

வேலி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சௌந்தரத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பழைய நண்டுக் கூடையைக் கழுவிக் காயவைத்தாயிற்று. கிழிந்த லுங்கியை நாலாக மடித்து உள்ளே போட்டாயிற்று. உடைந்த பிளாஸ்டிக் பேசினில் கடல் மண்ணைச் சலித்துக் கொட்டினாள். அது பூனை வெளிக்குப் போக. கடலூர் டவுன் வரைக்கும் போய் ஒரு இங்க் பில்லரும், கழுத்தில் கட்ட ஒரு சின்ன மணியும் வேறு வாங்கி வந்திருந்தாள்.

கேட்டதற்கு, பரங்கிப்பேட்டையில் தங்கச்சி வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது, சனிக்கிழமை போய் எடுத்துவரப் போகிறேன் என்றாள்.

சௌந்தரத்துக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்ததுதான். கொளஞ்சியம்மாள் காயப்போடும் பாயிலிருந்து ஒரு மாதமாகக் காணாமல் போகிற கருவாட்டை எடுப்பதே சௌந்தரம்தானே!

தினமும் இல்லை. குழம்புக்கு ஒன்றுமே இல்லாத நாளில் மட்டும் இரண்டு துண்டு, மூன்று துண்டு. பைபர் போட்டைக் கரையேற்றும்போது புருஷன் பச்சமுத்துவுக்குக் கால் முறிந்து, மூன்று மாதமாகக் கட்டோடு கிடக்கிறான். அதற்காகப் பிள்ளைகள் வெறுஞ்சோறா தின்னும்? யாரிடமும் போய்க் கேட்க அவளுக்குக் கூச்சம். எடுக்க மட்டும் கூசவில்லையா என்றால், கூசியதுதான். கேட்பதைவிடக் கொஞ்சம் கம்மியாகக் கூசியது.

கொளஞ்சியம்மாள் சும்மா இருப்பாளா? மண்ணை வாரித் தூற்றினாள். எடுத்தவள் கை விளங்காமல் போக என்று சுனாமி வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி ஏசினாள். அதுவும் போதாமல் ஊர்த் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். தெருப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியும் நான் எடுக்கவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

அணைக்காவிட்டால் மானம் போகும். பொய்யாக அணைத்தால் கடலுக்குப் போகிற புருஷனுக்கு ஆகாது. சௌந்தரத்துக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்த நாலு நாளாகத்தான் கொளஞ்சியம்மாள் ஏசுவதையும் நிறுத்தியிருந்தாள். அவள் வாய் மூடியிருப்பது இன்னும் பயமாக இருந்தது. மணி எதற்கு? எடுத்தவள் சேலையை மோந்து பார்த்து, பூனை காட்டிக் கொடுத்துவிடுமோ? பச்சமுத்துவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி கருவாட்டுக்கு வைக்கிறாளா, அவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று அவன் சிரித்தான். பாவம், அவன் தின்ற கருவாடு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு கொளஞ்சியம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். உள்ளே கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி. வாசலில் உட்கார்ந்து பில்லரால் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டாள்.

மறுநாள் கோயில் வாசலில் தலைவர் தட்டில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார். அப்போது கொளஞ்சியம்மாள் நண்டுக் கூடையோடு முன்னால் போய் நின்றாள்.

"கொஞ்சம் இருங்க மாமா. திருடு ஆம்ட்டுக்கிச்சு." மூடியைத் திறந்து குட்டியைத் தூக்கிக் காட்டினாள். "இதோட ஆத்தாதான் எடுத்தாந்து இதுக்குப் போட்டிருக்குது. அது ஓடிப்போச்சு, இது மாட்டிக்கிச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு பூனைக்காகவா ஊரைக் கூட்டினாய் என்று தலைவர் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் திருப்பித் தருகிற கொளஞ்சியம்மாள், தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சூடம் ஏற்றாமலே கூட்டம் கலைந்தது.

திரும்பி வரும் வழியில் கொளஞ்சியம்மாள், கொஞ்சம் பிடி என்று குட்டியைச் சௌந்தரம் கையில் கொடுத்துவிட்டுக் கொண்டையை முடிந்தாள். குட்டி பசியில் சௌந்தரத்தின் விரலைப் பிடித்துச் சப்பியது. வெறும் ஈறு. சௌந்தரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா... இதுக்குப் பல்லே மொளைக்கல. நேத்துதான கொண்டாந்த?"

"ஆமாம். நீ எடுத்துக்கினு போனத புதங்கெழமை என் கண்ணால பாத்தேன். அதுக்குள்ளாற தலைவர்கிட்ட சொல்லித் தொலைச்சிட்டேனே, வேற என்னா பண்றது?"

சௌந்தரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் குட்டியை வாங்கிக் கூடைக்குள் விட்டாள்.

"பூன வாயில்லா ஜீவன்டி, எடுத்துத்தான் திங்கும். ஒனக்கு வாயி இருக்குல்ல? கேளு."