மதினியின் ஊதாப் பாவாடை

மதினியின் பாவாடையை இவள் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஊதா நிறம். நாடா ஓடும் இடம் முரடு தட்டிப் போயிருந்தது.

சலவைச் சோடா இவள் விரலிடுக்குகளைத் தின்றிருந்தது. முறுக்கும்போது வெடிப்புகள் வாய் திறந்தன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

படர்தாமரை மதினிக்கு. இடுப்பைச் சுற்றி, அதற்குக் கீழேயும். கதவைச் சாத்திக்கொண்டு சொறிவாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரமாட்டாள்.

“எனக்குன்னா தெருவே பேசும். ஒனக்குன்னு சொல்லி வாங்கிட்டு வா. ஒன்ன யாரு பாக்கா.”

பார்த்தார்கள்.

அன்று காலை, வரிசை முழுவதும் கேட்கும்படி நர்ஸ் கேட்டாள்.

“எங்க இருக்கு? தொடையிடுக்குலயா?”

இவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் நின்றிருந்தாள்.

ஆமென்று இவள் தலையை ஆட்டினாள்.

களிம்பை நீட்டிய நர்ஸ், வாங்க வந்த விரல்களைப் பார்த்தாள். குரல் தணிந்தது.

“கையில இருக்குற இது ஒட்டுற சீக்கு இல்ல. ஆனா தோலு இப்பிடி வெடிச்சுக் கெடந்தா எதுவும் உள்ள பூந்துரும். ராத்திரி தேங்காண்ண தேய்.”

பிறகு இன்னொன்றும் சொன்னாள்.

“களிம்பு மட்டும் போதாது பிள்ள. உள்பாவாடையத் தனியா அலசு. திருப்பிப் போட்டு நல்ல வெயில்ல மொறுமொறுன்னு காயணும். ஈரம் இருந்தா அது போகவே போகாது.”

வீடு திரும்புவதற்குள் பேச்சியம்மாள் வரிசையை விட்டுவிட்டு முந்தியிருந்தாள். வாசலில் நாலு பெண்கள்.

மதினியின் இடுப்பிலிருந்து குழந்தை இவளைப் பார்த்துத் தாவியது. பிறந்த பதினோராம் நாளிலிருந்து இவள் தோளில்தான் அதற்குத் தூக்கம்.

மதினி இரண்டடி பின்னால் போனாள்.

“பிள்ளயத் தொடாத. சொல்லிட்டேன். ஒன் சீக்கு ஒன்னோட இருக்கட்டும்.”

நாலு பேரும் தலையசைத்தார்கள்.

குழந்தை கையை நீட்டியபடியே அழுதது. அதன் காலுக்கு அடியில், சேலைக்கு மேலாக, மதினியின் நகங்கள் போய் வந்தன.

களிம்பை நிலைப்படியில் வைத்துவிட்டு இவள் துவைகல்லுக்குப் போனாள்.

வெயில் அன்று நன்றாக இருந்தது.

குழந்தையின் சட்டைகளைத் தனி வாளியில் அலசினாள். ஒவ்வொன்றாகத் திருப்பி, கொடியில் வெயில் முதலில் விழும் இடத்தில் போட்டாள். பிறகு அண்ணனின் வேட்டி. பிறகு துண்டுகள்.

பாவாடை கடைசியில் மிஞ்சியது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

கொடியில் இடம் இருந்தது.

சுவரோரம் நிழலில், இரண்டாக மடித்த வேட்டிக்கு அடியில் போட்டாள். திருப்பவில்லை.

மூன்று மணிக்கு எல்லாவற்றையும் எடுத்தாள். சட்டைகள் அப்பளமாகக் காய்ந்திருந்தன. முகத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு.

உள்ளே அறைக் கதவு சாத்தியிருந்தது. களிம்பின் வாடை வெளியே வந்தது. குழந்தை தொட்டிலில் முனகிக்கொண்டிருந்தது. இவள் தூர நின்றாள்.

“ஏட்டி,” கதவுக்குப் பின்னாலிருந்து மதினி கேட்டாள். “அந்த நர்ஸு வேற என்னமும் சொன்னாளா?”

இவள் பாவாடையை நான்காக மடித்தாள். மடிப்பின் நடுவில் இன்னும் குளிர்ந்தது.

“இல்ல மதினி.”